ஜன்னல் கட்டிலுக்குச் சொன்ன ஆறுதல்

பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு என்று ஒரு வார்த்தை உண்டு. "இறங்கிட்டு வருதும்மா" என்பதுதான் அது. வலியில் கிடப்பவள் தலையைத் தூக்கி "எப்ப சிஸ்டர் பொறக்கும்?" என்று கேட்டால், கையுறையைக் கழற்றிக்கொண்டே அதைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். குழந்தையின் தலை இறங்கியிருந்தாலும் அதுதான், இறங்காமல் மேலேயே நின்றிருந்தாலும் அதுதான். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. வெயிலில் வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது போல, கேட்டவளுக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள்.

சின்னவளும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே காதோரம் நரைத்தவள். வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் அவள் சின்னவள். சொந்த மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. மருத்துவமனையில் அவளை நிதானம் சிஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஒரு கட்டிலில் இருந்து இன்னொரு கட்டிலுக்கு ஓடும்போது அவள் நடப்பாள். நடந்தாலும் வேலை பின்தங்காது. வயிற்றைத் தொடுமுன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். குழந்தையின் நாடித்துடிப்பைக் கேட்கும்போது யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது. கேட்டு முடித்த பிறகுதான் திரும்பி, "என்ன கேட்டீங்க?" என்பாள்.

படிப்பில் புலி என்று சொல்ல முடியாது. ஆனால் சிறு வயதிலேயே துணி மடித்தால் ஓரத்தோடு ஓரம் பொருந்த மடிப்பாள். கொஞ்சம் விலகினாலும் உதறிவிட்டு மறுபடி தொடங்குவாள். அந்தப் பொறுமையை வைத்துக்கொண்டே பள்ளிப்படிப்பைத் தாண்டி, நர்சிங் முடித்து, பிரசவம் பார்க்கத் தனிப் பயிற்சியும் எடுத்தாள். அவள் அக்கா, வீட்டில் மூத்தவள், எட்டாவதோடு நின்றுவிட்டவள். "எங்க சின்னது நர்ஸு" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் உடனே தங்கள் மூட்டுவலியைச் சொல்லத் தொடங்குவார்கள். அதற்கும் மூத்தவளே மருந்து சொல்லி அனுப்புவாள்.

இத்தனை வருஷமும் சின்னவளுக்குக் கண் விரல் நுனியில்தான் இருந்தது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது எல்லாமே விரல் சொல்ல வேண்டியதுதான். விரலும் சில சமயம் ஏமாறும். வெகுநேரம் வலி பட்டால் குழந்தையின் உச்சந்தலைத் தோல் நீர் கோத்து வீங்கிவிடும். வீக்கம் கீழே விரலில் தட்டும்போது தலையே வந்துவிட்டது போல இருக்கும். எலும்பு பார்த்தால் இன்னும் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

அதற்காகத்தான் போன மழைக்காலத்தில் வார்டுக்கு ஒரு ஸ்கேன் மிஷின் வாங்கினார்கள். சக்கரம் வைத்த வண்டி, மேலே ஒரு திரை, வயரோடு ஒரு கைப்பிடி. மாசமாக இருக்கும்போது வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே ஸ்கேன்தான். இதை வலி நடக்கும்போதே பார்ப்பார்கள். கைப்பிடிக்கு உறை மாட்டி, ஜெல் தடவி, குழந்தை வெளிவரும் வாசலில் வெளிப்பக்கமாக வைத்தால், தாயின் முன்பக்க இடுப்பெலும்பும் குழந்தையின் தலையும் ஒன்றாகத் திரையில் தெரியும். எலும்பின் நீளவாக்கில் ஒரு கோடு. அதன் கீழ் நுனியில் இருந்து தலை ஓட்டைத் தொட்டுக்கொண்டு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் விரியும் கோணம்தான் விஷயம். கோணம் விரிய விரியத் தலை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நூற்றிருபது டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் சுகப்பிரசவம். நூறுக்குக் கீழேயே நின்றால் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பயிற்சி கொடுக்க வந்தவர் மறக்காமல் ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொண்டார். மேகத்தைப் பார்த்து மழை வரும் என்று சொல்வது மாதிரிதான் இது, குடையை எடுத்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்.

வார்டில் இருந்த அத்தனை நர்சுகளில் இரண்டு பேரைத்தான் அந்தப் பயிற்சிக்கு எடுத்தார்கள். சின்னவள் அதில் ஒருத்தி. சிறுநீர்ப்பை காலியாக இருக்கிறதா என்று கேட்காமல் அவள் கைப்பிடியைத் தொட மாட்டாள். வலி வந்து தலை கீழே தள்ளப்படும் நேரத்தில் அளந்தால் கோணம் பெரிதாகக் காட்டும் என்பதால், வலி ஓயும் வரை காத்திருப்பாள். ஒரு தடவை அளந்ததை நம்பாமல் மறு தடவையும் அளப்பாள்.

வார்டைக் கூட்டித் துடைக்கும் அம்மாவுக்கு சத்தக்காரி என்று பெயர். அவள் ரகசியம் பேசினால் வாசல் காவலாளிக்குக் கேட்கும்.

"சிஸ்டர், இந்தப் பொட்டியில சாயங்காலம் சீரியல் வருமா?" என்று வந்த அன்றைக்கே கேட்டாள்.

"வரும். எல்லாமே பிரசவ சீன்தான்."

"அதைத்தான் தெனமும் ஓசியில பாக்குறேனே" என்றாள் சத்தக்காரி.

மிஷின் வந்த பிறகு விரல் வைத்துப் பார்ப்பது குறைந்தது. பெண்களுக்கு வேதனையும் குறைந்தது. எல்லாம் நல்லதுக்குத்தான். கூடவே இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் சிஸ்டரின் முகத்தைப் பார்த்த பெண்கள் இப்போது திரையைப் பார்த்தார்கள்.

அன்றைக்குக் காலையிலேயே சின்னவளுக்குக் கால் கனத்தது. கூட வேலை பார்ப்பவள் மாமனார் சாவுக்குப் போயிருந்தாள். அவள் ஷிப்டும் சேர்ந்து கொஞ்ச நாளாகச் சின்னவள் தலையில்தான் விழுந்தது. செருப்பை மாற்றக் குனிந்தபோது வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு மடக்கினாள். முகம் கழுவினால் தூக்கம் போகும் என்று கழுவினாள். தண்ணீர்தான் போனது.

ஜன்னல் ஓரக் கட்டிலில் முந்தின நாள் சேர்ந்த பெண் இருந்தாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் முன்பதிவு ஜன்னலில் உட்காருபவள். வார்டில் சேர்ந்த சிறிது நேரத்திலேயே அவளுக்கு டிக்கெட்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்து, வலி நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, ஆனால் பிரசவம் நகரவில்லை. வலி இல்லாத இடைவெளிகளில் வாய் ஓயாமல் பேசுவாள். பேச்செல்லாம் ஒரே இடத்தில் போய் முடியும்.

"எனக்கு மட்டும் அறுக்கக் கூடாது சிஸ்டர். எங்க அக்காவுக்கு அறுத்தாங்க. தையல் பிரிஞ்சு சீழ் புடிச்சிடுச்சு. அவ புருஷன் கிட்டயே வரலை, நாத்தம்னு. நான்தான் தொடைச்சு விட்டேன். எத்தனை நாள் தொடைச்சேன் தெரியுமா. அவ அழுவா, நான் மூஞ்சைத் திருப்பிக்குவேன். எனக்கு யாரு தொடைப்பா?"

"எல்லாருக்கும் அப்படி ஆகாதும்மா. நீ மூச்சை இழுத்து விடு."

"இவ அக்காவும் இதே மாதிரிதான் சிஸ்டர், பேசிக்கிட்டே இருந்தா" என்றாள் கட்டிலின் தலைமாட்டில் நின்ற டிக்கெட்காரியின் அம்மா. "பேசாம இருந்திருந்தா அந்தத் தெம்புலயே பெத்திருப்பா."

"நீ சும்மா இரும்மா. உன் தெம்புதான் எனக்கு வந்திருக்கு, வாய்க்கு."

சின்னவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடுதான் மிஷினை இழுத்து வந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினாள். உறை மாட்டினாள், ஜெல் தடவினாள், வலி ஓயக் காத்திருந்தாள். கைப்பிடியை வைத்துத் திரையைப் பார்த்தாள்.

தலை மேலே நின்றது. உச்சியில் வீக்கம் தொப்பி மாதிரி கவிந்திருந்தது. விரலுக்கு இறங்கின மாதிரி பட்டதெல்லாம் இந்தத் தொப்பிதான். எலும்பைத் தொட்டுக் கோடு போட்டாள், தொண்ணூற்றுச் சொச்சம். மறுபடியும் போட்டாள், அதேதான். கைப்பிடியை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தபோது குழந்தையின் கண்குழிகள் இரண்டும் மேல் நோக்கித் தெரிந்தன. பிள்ளை குப்புறப் பார்க்காமல் வானம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் வழி இன்னும் நெருக்கடி.

டிக்கெட்காரி கழுத்தை வளைத்துத் திரையை எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கருப்பும் வெள்ளையுமாக மேகம்தான் தெரிந்திருக்கும்.

"என்ன சிஸ்டர் காட்டுது? கன்பார்மா, வெயிட்டிங்கா?"

எதிர்க் கட்டிலில் ஒருத்தி கத்தத் தொடங்கியிருந்தாள். சத்தக்காரி "சிஸ்டர், இங்க தலை தெரியுது" என்று மாடி முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்கால் விண்விண் என்றது. சின்னவள் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, வாயில் எப்போதும் தயாராக இருப்பதை எடுத்துக் கொடுத்தாள்.

"கன்பார்ம்தான் கண்ணு. இறங்கிட்டு வருது. நார்மலாவே ஆயிடும்."

சொல்லிவிட்டு எதிர்க் கட்டிலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தொப்புள் கொடியை வெட்டி, துடைத்து, தாயின் மார்பில் போட்டுவிட்டு, டாக்டரம்மாவை அவள் அறையில் போய்ப் பார்த்தாள். டாக்டரம்மா சின்னவளைவிட வயதில் சிறியவள். காலையில் வாங்கின டீ ஆடை படிந்து அவள் மேஜையில் அப்படியே இருந்தது. சின்னவள் அளந்ததை அப்படியே சொன்னாள்: தலை மேலே, வீக்கம் அதிகம், பிள்ளை மேல் பார்த்த நிலை, கோணம் இவ்வளவு.

"சரி. இன்னும் கொஞ்ச நேரம் குடுத்துப் பாப்போம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, பிள்ளை திரும்புதான்னு பாக்கலாம். திரும்பலைன்னா ஆபரேஷன்தான். அந்தப் பொண்ணு காதுல இப்பவே போட்டு வைங்க சிஸ்டர், கடைசி நேரத்துல சொன்னா பயந்துடும்."

"சொல்லிடுறேன் டாக்டர்."

சொல்லவில்லை. மறந்தும் போகவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்கப் போனபோது டிக்கெட்காரி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மிஷின்லயே பாத்துச் சொல்லிட்டாங்க. கன்பார்ம். ம். நீ அக்காகிட்டயும் சொல்லிடு." அந்த முகத்தைப் பார்த்தபோது சின்னவளுக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் கழித்துச் சொல்லலாம் என்று முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டுத் திரும்பினாள். பிறகு ரத்தப்போக்கோடு ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள்; அதில் மூச்சுவிடவும் நேரமில்லாமல் போனது.

மதியம் டாக்டரம்மா தானே மிஷினை வைத்துப் பார்த்தாள். கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்திருந்தது, முக்கியும் பார்த்தாயிற்று. கோணம் நூறைத் தொடவே திணறியது. வீக்கம் மட்டும் இன்னும் பருத்திருந்தது. ஒவ்வொரு வலிக்கும் பிறகு குழந்தையின் நாடி இறங்கியது; திரும்பி ஏற வரவர நேரம் எடுத்தது.

"ஆபரேஷன் பண்ணிடலாம்மா" என்றாள் டாக்டரம்மா. "தலை மேலயே நிக்குது. தலையில வாக்குவம் போட்டு உறிஞ்சி இழுக்கவும் முடியாது. கையெழுத்துப் போடு."

டிக்கெட்காரி கையை மடக்கி மார்புக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்."

"பிள்ளை சோர்ந்துகிட்டு வருதும்மா."

"காலையில மிஷின்ல பாத்து நார்மல்னு சொல்லிட்டீங்க. இப்ப உங்களுக்கு நேரமாகுதுன்னு அறுக்கப் பாக்குறீங்க. நானும் டூட்டி பாக்குறவதான். வீட்டுக்குப் போற நேரம் வந்தா எல்லாருக்கும் அவசரம்தான்."

"யாரு சொன்னா நார்மல்னு?"

டிக்கெட்காரி விரலை நீட்டவில்லை. கண்ணைத் திருப்பிச் சின்னவளைப் பார்த்தாள். அவள் அம்மா பார்த்தாள். தண்ணீர் வாளியோடு நின்ற சத்தக்காரியும் பார்த்தாள், வாயைத் திறக்காமல்.

கதவோரம் நின்ற புருஷன்காரன் பஸ் டிப்போவில் மெக்கானிக். நகக்கண்ணில் மசி போகாத கை. "ஆமா மேடம்" என்றான் தயங்கித் தயங்கி. "நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன். அவ அக்கா அழுதுட்டாங்க, சந்தோஷத்துல."

டாக்டரம்மா சின்னவளைக் கதவுக்கு வெளியே அழைத்துப்போனாள். திட்டு விழும் என்று சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு விழவில்லை. டாக்டரம்மா கண்ணை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள்.

"நானும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன் சிஸ்டர். வாயில வந்துடுது."

"நீங்க காலையிலயே சொல்லச் சொன்னீங்க டாக்டர். நான் சொல்லலை."

"சரி விடுங்க. இப்ப நான் என்ன சொன்னாலும் அவளுக்கு ஏறாது. நீங்க பேசுங்க. ஆனா சீக்கிரம். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்றேன்."

வார்டில் நர்சுகள் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது சட்டம். சின்னவள் உட்கார்ந்தாள். முழங்காலும் காரணம், முகத்துக்கு நேராக முகம் இருக்க வேண்டும் என்பதும் காரணம்.

"காலையில நான் சொன்னது மிஷின் சொன்னது இல்லம்மா."

டிக்கெட்காரிக்கு ஒரு வலி வந்து போனது. போகும் வரை சின்னவள் அவள் இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தாள். மூச்சு திரும்பியதும் டிக்கெட்காரி கேட்டாள்.

"அப்ப பொய்யா?"

"ஆறுதலுக்குச் சொன்னது. எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"அந்த ஆறுதலை எதுக்கு மிஷினைக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னீங்க?"

இந்த மாதங்களில் எத்தனை பேருக்கு இதே கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இதே வார்த்தையைச் சொன்னோம் என்று நினைத்தபோது சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. அவர்களுக்கெல்லாம் எப்படியோ பிறந்துவிட்டது. அதனால் யாரும் கேட்கவில்லை.

"நான் டிக்கெட் ஜன்னல்ல உக்காருறவ" என்றாள் டிக்கெட்காரி. குரல் தேய்ந்திருந்தது. "வயசானவங்க வந்து சீட்டு இருக்குமான்னு கெஞ்சுவாங்க. பாவமா இருக்கும். அதுக்காக இல்லாத சீட்டை இருக்குன்னு சொல்ல முடியுமா? ஸ்கிரீன்ல இருக்கிறதைத்தான் சொல்லணும். கன்பார்ம்னு சொல்லிட்டு பஸ் ஏறுறப்ப கேன்சல்னா, அவங்க எங்க போவாங்க?"

"நான் பண்ணினது தப்புதான்."

அதற்கு மேல் அதை இழுக்க நேரமில்லை. சின்னவள் எழுந்து மிஷினின் திரையை ஜன்னல் பக்கமாக, டிக்கெட்காரிக்கு நேராகத் திருப்பினாள். வலி ஓய்ந்த நேரம் பார்த்துக் கைப்பிடியை வைத்தாள். நோயாளிக்குத் திரையைத் திருப்பிக் காட்டுவது வார்டில் வழக்கமில்லை. யாரும் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை; அவளும் கேட்கவில்லை.

"இது உன் இடுப்பெலும்பு. இந்த வளைவு இருக்கு பாரு, இது பிள்ளை தலையோட ஓடு. அதுக்குக் கீழ மெத்து மெத்துன்னு சாம்பலா இருக்கே, அது வீக்கம். அதைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் தலை இறங்கிட்டதா நமக்குத் தோணுது. ஓடு இங்கதான் நிக்குது. காலையிலயும் இங்கதான் நின்னுச்சு. எனக்குத் தெரியும்."

டிக்கெட்காரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கவுண்டரில் சந்தேகமான நோட்டைப் பார்ப்பது அப்படித்தான் இருக்கும்.

"இவ்வளவு மேல நின்னு யாருக்காவது நார்மலா ஆகியிருக்கா?"

இல்லை என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும். நாக்கின் நுனி வரை வந்தது. சின்னவள் அதை விழுங்கினாள்.

"ஆகியிருக்கு. சில பேருக்கு."

"அப்ப எனக்கும் ஆகலாம்."

"ஆகலாம். ஆனா அவங்க பிள்ளைங்களுக்கு நாடி இப்படி இறங்கலை. கேளு."

நாடி கேட்கும் கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அடுத்த வலி வந்தது. டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெதுவாயிற்று. வலி போன பிறகும் மெதுவாகவே இருந்தது. ஏறுமா என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் ஏறியது, மூட்டை தூக்கிப் படியேறுபவரைப் போல.

"காத்திருந்தா நார்மலாவும் ஆகலாம். பிள்ளைக்கு ஏதாவதும் ஆகலாம். ரெண்டுல எதுன்னு இந்த மிஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு பயமா இருக்கு. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

டிக்கெட்காரி திரையில் இருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"இப்ப சொல்றது நெஜமா, இதுவும் ஆறுதலா?"

"இதுல ஆறுதலா என்னம்மா இருக்கு?" என்றாள் சின்னவள்.

டிக்கெட்காரியின் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். டிக்கெட்காரிக்குச் சிரிப்பு போல ஏதோ வந்து, அழுகையாகிப் போனது. மார்புக்கு அடியில் இருந்த கையை எடுத்து நீட்டினாள்.

"பேனா குடுங்க."

கையெழுத்து காகிதத்தின் குறுக்கே சரிந்து ஓடியது. தள்ளுவண்டியில் ஏற்றும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தையலை யாரு பாப்பாங்க?"

"மேல் வார்டு சிஸ்டருங்க பாப்பாங்க. என் டூட்டி முடிஞ்சு போறப்ப நானும் வந்து பாக்குறேன். லீவு நாள்ல வர மாட்டேன்."

"நெஜமா?"

"ம். லீவு நாள்ல நிச்சயமா வர மாட்டேன்."

தியேட்டருக்குச் சின்னவளும் கூடப் போனாள். குழந்தையை எடுத்தபோது உச்சந்தலை வீங்கிக் கூம்பிப் போயிருந்தது. முதலில் சத்தம் வரவில்லை. முதுகைத் தேய்த்து, மூக்குச் சளியை உறிஞ்சி எடுத்த பிறகு, இஷ்டமில்லாத ஆளைப் போல ஒரு முனகல் வந்தது, அப்புறம் அழுகை. ஆண் குழந்தை. தலை வீக்கம் தானாக வடிந்துவிடும் என்றாள் டாக்டரம்மா. "பெரும்பாலும்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

வார்டில் அதற்குப் பிறகும் வேறு எதுவும் மாறவில்லை. மற்ற சிஸ்டர்கள் எப்போதும் சொல்வதையே சொன்னார்கள். சின்னவள் மட்டும் கைப்பிடியைக் கீழே வைத்து, மிஷினை ஓரமாகத் தள்ளி, கையைக் கழுவிவிட்டு வந்துதான் பேசினாள். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். அப்படிச் சொல்ல நேரம் கூடுதலாகப் பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி திரும்பி வந்தது. சில பெண்கள் பயந்து அழுதார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. முன்னைவிட அதிகமாகக் கால் கடுத்தது. "நிதானம் சிஸ்டர் இப்ப ரொம்ப நிதானமாயிட்டாங்க" என்று சத்தக்காரி தன் வழக்கமான ரகசியக் குரலில் சொன்னது கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது. ஆபரேஷன் நடந்த அன்று ராத்திரி வீட்டில் மூத்தவள் "முகம் ஏன் செத்துக் கிடக்கு?" என்று கேட்டதற்கு, "ஒரு பொண்ணுகிட்ட வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு கிளறியும் மீதியைச் சொல்ல அவளுக்கு அன்றைக்கு மனம் வரவில்லை.

வேலை முடிந்து போகும் வழியில் தினமும் மேல் வார்டுக்கு ஏறினாள். லிப்ட் பாதி நாள் ஓடாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படி படியாக ஏறுவாள். லீவு நாளில் போகவில்லை. மறுநாள் போனபோது டிக்கெட்காரி, "நேத்து வரலை" என்றாள்.

"வர மாட்டேன்னு சொன்னேனே."

"அதான். வரலையான்னு பாத்தேன்" என்றாள் டிக்கெட்காரி.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. மேல் வார்டு சிஸ்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு. ஒண்ணுமே இல்ல, ராணி மாதிரி நடக்கலாம்" என்று சொல்லிவிட்டு மருந்துத் தட்டை எடுக்கப் போனாள். டிக்கெட்காரி சேலையை அடிவயிற்றுக்குக் கீழே இறக்கிப் பிடித்தபடி சின்னவளுக்காகக் காத்திருந்தாள். சின்னவள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு குனிந்தாள். வெளிச்சம் போதாமல் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு முனையில் இருந்து மறு முனை வரைக்கும் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனாள்.

"எல்லா இடமும் ஒட்டியிருக்கு. இடது ஓரத்துல மட்டும் கொஞ்சம் செவந்திருக்கு, தொட்டா சூடாவும் இருக்கு. சீழ் இல்ல. அது வடியலாம், வடியாமலும் போகலாம். இப்ப தெரியாது. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை மாத்தச் சொல்றேன்."

டிக்கெட்காரியின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பச்சை உடம்புக்காரிகிட்ட இப்படியா சிஸ்டர் சொல்லுவாங்க? நல்லதா ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?"

"சும்மா இரும்மா" என்றாள் டிக்கெட்காரி. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "அவங்க அப்படியே சொல்லட்டும்."

சின்னவள் பஞ்சை எடுத்தாள். எடுத்துக்கொண்டே, பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"என் மேல கோவமா இருக்கியாம்மா?"

"கோவம் எல்லாம் இல்ல சிஸ்டர்" என்றாள் டிக்கெட்காரி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா நீங்க சிரிச்சா எனக்கு இன்னும் வயித்தைக் கலக்குது."

சின்னவள் சிரிக்கவில்லை. பாக்கெட்டில் இருந்து பேனாவை எடுத்து, சிவந்திருந்த இடத்தின் ஓரத்தைச் சுற்றி, தோல் வலிக்காமல் மெல்லக் கோடு போட்டாள்.

"நாளைக்கு இந்தக் கோட்டைத் தாண்டியிருக்கான்னு பாக்கணும்" என்றாள். "நீயும் பாரு."